ஒத்திகை நடந்த தேதியைச் சொல்லுங்கள்

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளிப் பிள்ளைகள் கண் எரிச்சலாலும் மூச்சுத் திணறலாலும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். நவம்பர் 4-ல் பள்ளி திறந்தது. மறுபடியும் பிள்ளைகளுக்கு அதே கதி. எந்த வாயு, எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல ஆளில்லாதபோதே வகுப்பு நடத்த விட்டது மன்னிக்க முடியாத அலட்சியம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2025 ஜூலை 13 விடியற்காலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்தது. ஒன்று இரவு, மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் தப்பியது அதனால்தான். அதில் நிர்வாகத்தின் பங்கு எதுவுமில்லை.

அடுத்த முறையும் அப்படி நேரம் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளும் ரசாயன ஆலைகளும் இயங்குகின்றன. சுற்றிலும் ஊர்கள், ஊருக்கு ஊர் பள்ளிகள். பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகளுக்கென 1989-ல் வந்த விதிகள், ஆலைக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்கச் சொல்கின்றன. ஆபத்து என்ன, அப்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அக்கம்பக்கத்து மக்களுக்கு முன்கூட்டியே சொல்லவும் கட்டளையிடுகின்றன. இதே ஆபத்துக்கென 1996-ல் வந்த விதிகளின்படி தொழிற்பகுதிக்கான உள்ளூர் நெருக்கடிக் குழு மாதந்தோறும் கூட வேண்டும். தீயணைப்பு அலுவலர், காவல் ஆய்வாளர், மருத்துவர்கள், லாரி நிறுவனத்தார், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் வரை அதில் இடமுண்டு. தலைமையாசிரியருக்கு இல்லை! பகல் முழுக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொறுப்பானவரை விதி எழுதியவர்கள் மறந்தார்கள். முப்பது ஆண்டாக யாரும் நினைவூட்டவுமில்லை.

தலைமையாசிரியரை மறந்ததன் விளைவு சாதாரணமானதல்ல. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு, தீ என்றால் மைதானத்துக்கு ஓடு என்று பள்ளிகள் பழகிக்கொண்டன. வாயுக் கசிவில் அதுவே எமனாகும். உள்ளே போய்க் கதவு சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்த வேண்டிய நேரம் அது. வெளியேற்றுவதானால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே அழைத்துப் போக வேண்டும். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். இதையெல்லாம் தீயணைப்பு வீரர்தான் ஆசிரியருக்குச் சொல்லித்தர முடியும். அதற்கு வாய்ப்பான தீத்தொண்டு வாரத்தையோ ஏப்ரல் 14 முதல் கொண்டாடுகிறோம், பள்ளிகள் தேர்வையும் கோடை விடுமுறையையும் பார்த்திருக்கும் நாளில்.

திருவள்ளூர் ஆட்சியரும் பொன்னேரி சார் ஆட்சியரும் பதில் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி நெருக்கடிக் குழு கடைசியாக என்று கூடியது? பள்ளிகளைச் சேர்த்து ஒத்திகை நடந்திருந்தால் அதன் தேதி என்ன? நடக்கவில்லையென்றால் அதை ஒப்புக்கொண்டு, வரும் ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே, பாடவேளையில், தீயணைப்பு நிலையம், 108, காவல்துறை, ஆலைகளின் பாதுகாப்பு அலுவலர்கள் எல்லோரையும் வைத்து நடத்துங்கள். விதி மாறும்வரை காத்திருக்காமல் தலைமையாசிரியர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஆலையில் சங்கு ஊதினால் பள்ளிக்கு யார் போன் செய்வது என்பதைப் பெயரோடு எழுதி, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தத் தாள் எங்கே என்று கேளுங்கள்.