பப்ஸுக்குள் மறைத்த கை

பப்ஸ் யாருடைய பண்டம்? மைதாவில் கொழுப்பைத் தடவி மடிப்பு மடிப்பாய்த் தேய்த்துச் சுடுவது ஐரோப்பிய வித்தை. உள்ளே இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வதக்கிய கறி நம்ம வீட்டு வாசம். இரண்டையும் சேர்த்த கை எது?

துரைமார் சமையற்கட்டில் நின்றது யார்? 1792 முதல் முப்பது ஆண்டு தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரி அபே துபுவா எழுதி வைத்திருக்கிறார்: மாட்டுக்கறி சமைக்க மற்ற சாதியார் வரமாட்டார்கள், அதனால் வெள்ளையர் பறையரையே வைத்துக்கொண்டார்கள். அதே நூலில் நம்மை இழித்தும் எழுதினார். சமையல் புத்தகத்தில் துரைசானி பேர் இருக்கும். அடுப்படியில் வெந்தவன் பேர் இருக்காது.

இன்றைக்குச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நான் ஏறி இறங்கிய பேக்கரிகளில் வெஜ், முட்டை, சிக்கன் பப்ஸ்தான். மாட்டுக்கறி பப்ஸ் கேட்டால், 'அதெல்லாம் வைக்கிறதில்ல' என்று முகத்தைச் சுளிக்கிறான். கேரளாவில் பீஃப் பப்ஸ் சாதாரணம். அங்கே மணக்கிறது இங்கே ஏன் நாறுது?

இது ருசிக் கணக்கல்ல, சாதிக் கணக்கு. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணியை மாவட்ட நிர்வாகமே ஒதுக்கியது. எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது.

தோழர்களே, மாணவர்களே! கடையில், கேன்டீனில் கேளுங்க. காதோடு காதாக அல்ல, சத்தமாக. இல்லேன்னா, தாட்கோ கடனில் நாமே பேக்கரி போடுவோம். அடுப்பு நமக்குப் புதுசில்ல.