திலகவதியாரின் திருவலகு

கோயிலிலே நால்வர் திருவுருவங்களும் வரிசையாக நிற்க, தோளில் உழவாரப்படை சார்த்தியவர் எவர் என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் 'அப்பர்' என்னும் விடை உடனே வந்துவிடும். அந்த அப்பரை எமக்குத் தந்த தமக்கையார் யாவர் என்று மேல்வகுப்பு மாணாக்கரைக் கேட்டாலோ, பெயரைச் சொல்வரேயன்றி, அவ்வம்மையார் பட்டது யாது, செய்தது யாது என்று சொல்லவல்லார் சிலரே. நாயன்மார் 63 பேருள் அவர் வைத்து எண்ணப்படவில்லை. காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூவரே அத்தொகையுட் சேர்ந்த பெண்மணிகள். திலகவதியார் தம்பியின் புராணத்துக்குள்ளே ஒரு பகுதியாக அமைந்துவிட்டார். எனினும், துன்பம் வந்த காலத்தில் இறைவனை நம்பியிருத்தல் என்றால் என்ன என்று எவரேனும் எம்மை வினவினால், நாம் முதலிற் காட்டுவது அவ்வம்மையாரையே.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். திருமுனைப்பாடி நாட்டிலே, இன்றைய பண்ணுருட்டிக்கு அண்மையிலுள்ள திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் திலகவதியார். சில ஆண்டு கழித்து மருணீக்கியார் என்னும் தம்பி பிறந்தார். அம்மையாருக்கு 12 வயதானபோது, அரசனுடைய சேனைத் தலைவராகிய கலிப்பகையாருக்கு மணம் பேசினர். பெற்றோரும் இசைந்தனர். மணம் நிகழுமுன்னரே வடபுலத்துப் பகைவரோடு பொரும்படி அரசன் ஏவ, கலிப்பகையார் போர்மேற் சென்றார். அவர் களத்தில் நிற்கும் நாளிலே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் துறந்தார். அச்சாவீட்டின் துயர் தணியுமுன்னரே, கலிப்பகையார் போரில் மடிந்தார் என்னும் செய்தி வந்தது.

தந்தை, தாய், தமக்கென்று பேசப்பெற்ற தலைவர் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து இழந்த ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். உயிரை விடுவதென்று அவர் துணிந்தார். சேக்கிழார் பெருமான் இதனை மறைக்கவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அடியார் என்பதற்காக அவரைக் கல்லாக்கிக் காட்டவில்லை. தம்பியார் தமக்கையின் காலில் வீழ்ந்து, பெற்றோர் போனபின்னும் உம்மை வணங்கலாம் என்றே உயிர் தரித்திருக்கிறேன், நீரும் போவீராயின் உமக்கு முன்னே நான் போவேன் என்று அழுதார். அந்த ஓர் அழுகைக்காகவே அம்மையார் இவ்வுலகில் இருக்க உடன்பட்டார். அவருடைய வாழ்வு, அதன் பின்னர், ஒருவகையிற் கடனாக வைத்துக்கொண்ட வாழ்வு.

மருணீக்கியார் வளர்ந்தார். செல்வம் நில்லாது, யாக்கை நில்லாது என்பதைச் சிறுவயதிலேயே கண்டவராதலின், பொருளை அறச்சாலைகளுக்கும் தண்ணீர்ப்பந்தர்களுக்கும் வாரி வழங்கினார். பின்னர், நில்லாதவற்றுக்கிடையே நிலைத்த உண்மை எது என்று தேடிப் புறப்பட்டார். தேட்டம் அவரைப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமையும் பெற்றார். (சமணர் என்றவுடன் இகழ்ந்து பேசும் வழக்கம் எம் மாணாக்கர் சிலரிடம் உண்டு. அவர்கள் இலக்கணம் கற்கும் நன்னூலும், காப்பியம் என்று போற்றும் சீவக சிந்தாமணியும் சமணர் தந்தவை என்பதை மறத்தலாகாது. மருணீக்கியார் அங்கே சென்றது மெய்யான தேட்டத்தினாலேதான்.)

நிலையாமை என்னும் பாடத்தை எம்மவர்க்கு ஏட்டிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. காணிக்கு எழுதும் பத்திரத்துக்கு நாம் இட்ட பெயர் 'உறுதி' என்பதாகும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்துச் சனங்கள் ஒருங்கே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எத்தனையோ பேர் அந்த உறுதிகளைப் பொலித்தீன் பையிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோருட் பலர் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் காணியின் எல்லைக் கதியாலையும் காணாதிருந்தனர். உறுதி கையிலிருந்தது, காணி இருந்த கோலம் எவர்க்கும் தெரியாது. எது உறுதி என்னும் வினா அந்த ஆண்டுகளில் எம் வீடுகள்தோறும் எழுந்த வினா.

அதே வினாவுக்குத் தம்பியார் நடந்து விடை தேடினார். தமக்கையார் ஓரிடத்தில் இருந்து விடை கண்டார். கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடத்தில் தங்கி, நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, திருவலகு எனப்படும் விளக்குமாற்றாற் கோயிலைக் கூட்டி, கோமயத்தால் மெழுகி, பூக்கொய்து மாலை தொடுத்துக் கொடுக்கும் பணியை மேற்கொண்டார். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்னும் வேண்டுகோளையும் இறைவன் திருமுன் வைத்தார். எத்தனை ஆண்டுகள் இவ்வாறு கூட்டினார் என்று புராணம் கணக்குச் சொல்லவில்லை. காத்திருப்போர் நாட்களை எண்ணுவதில்லை போலும்.

இப்பகுதியை நாம் அடிக்கடி நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எம் மாணாக்கன் ஒருவனுடைய பேர்த்தியார், 2009ஆம் ஆண்டு வன்னியிலே தம் இளைய மகனைத் தவறவிட்டவர். இறந்தான் என்றும் தெரியாது. இருக்கிறான் என்றும் தெரியாது. நாள்தோறும் மாலையில் பிள்ளையார் கோயிலில் அவன் பெயரால் ஒரு விளக்கு ஏற்றி வருகிறார். கோயில் வீதியில் ஒருநாள் எம்மைக் கண்டு, "மாஸ்ரர், இந்த விளக்கை இனி நிப்பாட்டலாமோ? ஏத்திறதிலை ஏதும் பிரயோசனம் இருக்கோ?" என்று கேட்டார்.

அவருக்கு ஆறுதல் சொல்லாதவர் ஊரில் இல்லை. ஒருசாரார், "எல்லாம் விதி, அம்மா" என்பர். ஊழ் உண்டு என்பது எம் சமயத்தின் கொள்கையே. ஆயினும், பிள்ளையை இழந்தவள் முன்னே அக்கொள்கையை எடுத்து வீசுவது மருந்துப் போத்தலாலே நோயாளியின் தலையில் அடிப்பது போன்றதாகும். மற்றொரு சாரார், "கடவுள் கைவிடமாட்டார், கட்டாயம் வருவான்" என்பர். இது இனிமையான சொல். முன்னையதினும் கொடிய சொல். வாராது போனால், மகனை இழந்ததோடு கடவுளையும் அல்லவா அவள் இழக்கவேண்டி வரும்? இறைவன் தாராத வாக்கை அவன் பெயராற் கொடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

நாம் அவருக்குத் திலகவதியார் கதையைச் சொன்னோம். அவர் அதனைச் சிறுவயதில் புராணபடனத்திலே, ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லக் கேட்டவர்தாம். தம்பி திரும்பி வந்தார் என்னும் இடத்துக்கு விரைந்து போகவே அவர் மனம் அவாவிற்று. நாமோ அதற்கு முன்னே நிறுத்தி, ஒன்றை நினைவூட்டினோம். அம்மையார் காத்திருந்தது இருவருக்காக. போருக்குப் போன கலிப்பகையார் திரும்பவில்லை. பள்ளிக்குப் போன மருணீக்கியார் திரும்பினார். ஒருவர் வாராதொழிந்தபோது இறைவன் பொய்யாகிவிடவில்லை. மற்றவர் வந்தபோது புதிதாக மெய்யாகிவிடவுமில்லை. வந்தவரையும் வாராதவரையும் வைத்து அம்மையார் கடவுளுக்கு மதிப்பெண் இடவில்லை. அவர் பற்றிக்கொண்ட உண்மை, அவருக்குக் கிடைத்ததையும் கிடையாததையும் பொறுத்து ஏறி இறங்குவதன்று.

முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவ அழேல்லையோ, மாஸ்ரர்?" என்று கேட்டார். சாகத் துணிந்தவர் அழாமல் இருந்திருப்பாரோ என்றோம். அது அவருக்கு ஏதோ ஓர் அமைதியைத் தந்தது என்று தோன்றிற்று. விளக்கைப்பற்றி அதன்மேல் அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

மாணாக்கர்கள் இவ்விடத்தில் ஒரு சித்தாந்தச் செய்தியை அறிந்துகொள்வது நன்று. மெய்கண்டதேவர் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதம், இறைவனைச் சத்து என்றும், உலகத்தை அசத்து என்றும் பிரித்துக் காட்டுகிறது. அசத்து என்றால் இல்லாதது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அது பிழை. ஒரு நிலையில் நில்லாது மாறுவதே அசத்து. ஆகவே, துன்பம் வெறும் மயக்கம், கண்ணீர் பொய் என்று சைவசித்தாந்தம் சொல்லவில்லை. கண்ணீர் மெய்யாகவே சுடுகிறது. உயிரோ, பளிங்கு தன் அருகிலிருக்கும் நிறத்தைக் காட்டுவதுபோல, எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் இயல்புடையது. மாறுவதையே சார்ந்த உயிர் அதனோடு சேர்ந்து அலைகிறது. மாறாததைச் சார்ந்த உயிர் அழுதாலும் அலைவதில்லை. திலகவதியாரை நாம் உதாரணமாகக் கொள்வது இதற்காகவே.

இனி, அவருடைய வேண்டுகோளுக்கு வந்த விடையைப் பார்ப்போம். இறைவன் கனவிலே தோன்றி, தம்பியைச் சூலை நோய் கொடுத்து ஆட்கொள்வதாக அருளினார். தம்பியைத் தா என்று கேட்டவளுக்கு, அவனுக்கு நோய் தருகிறேன் என்று விடை வந்தது! வேண்டுதல் நிறைவேறும் வழியை வேண்டுபவர் வகுக்க முடியாது என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேறு நாம் அறியோம். தருமசேனருடைய வயிற்றைச் சூலை முறுக்கிற்று. பள்ளியார் மந்திரமும் மயிற்பீலியும் கொண்டு முயன்றனர், நோய் தணியவில்லை. அவர் தமக்கு அடிசில் சமைப்பவனைத் திருவதிகைக்கு அனுப்பித் தமக்கையை அழைத்தார்.

அம்மையார் போகவில்லை. சமணப் பள்ளிக்கு நான் வாரேன் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது எப்பொழுதும் ஒரு மாணவியாவது முகம் சுளிப்பாள். இவ்வளவு காலம் அழுது காத்திருந்தவள், தம்பி நோயிற் துடித்து அழைக்கும்போது போகாதிருக்கலாமா என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வியே. எமக்குத் தோன்றும் விடை இது. அம்மையார் போயிருந்தால் தம்பிக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். திரும்பி வருவதற்கு ஓர் இடம் இல்லாது போயிருக்கும். தேடித் திரிந்தவர் ஒருவர். தேடாது நின்றவர் ஒருவர். நின்றவர் அசையாதபடியாலேதான் திரிந்தவருக்குத் திசை தெரிந்தது. அன்பில்லாமையால் அவர் மறுத்தாரல்லர். தம்பிக்குத் தரக்கூடிய ஒரே மருந்து வைத்த இடத்திலே இருக்கவேண்டும் என்பதனால் மறுத்தார். அந்த மறுமொழியைச் சொல்லியனுப்பிய இரவு அவர் எவ்வாறு உறங்கினார் என்பதைச் சேக்கிழார் எமது ஊகத்துக்கே விட்டுவிட்டார்.

சைவத்துக்கு மீண்டதோடு தம்பியாருடைய இடர்கள் ஒழிந்தன என்று எண்ணுவோர் புராணத்தை அரைகுறையாகக் கேட்டவர். சூலை ஒழிந்தது உண்மை. அதன் பின்னரன்றோ பல்லவ அரசனுடைய ஆணையால் ஏழு நாள் நீற்றறை, நஞ்சு கலந்த பாலடிசில், கொலையானை, கல்லோடு பிணித்துக் கடலில் இடுதல் எல்லாம் வந்தன! முதுமையிலே திருவீழிமிழலையில் பஞ்சத்தையும் கண்டார். இறைவனை நம்பினால் வாழ்வு வழுவழுப்பாக ஓடும் என்று மாணாக்கருக்குச் சொல்லும் பிரசங்கியார் சிலர், பரீட்சைக் காலத்திலே அருச்சனைச் சீட்டு விற்பதற்கு அது உதவும் என்று கருதுகிறார்கள் போலும். நாவுக்கரசருடைய சரித்திரம் அவர்களுக்கு உதவாது. நீற்றறையின் வெம்மை அவரை வருத்தவில்லை என்று புராணம் கூறுகிறது. நீற்றறையே அவருக்கு நேரவில்லை என்று கூறவில்லை.

அவ்விடர்கள் அனைத்திலும் அவர் தோளில் இருந்தது புல் செதுக்கும் உழவாரம். நாவன்மையிற் சிறந்த ஒருவர், பள்ளித் தலைவராக வீற்றிருந்து வாதங்களில் வென்ற ஒருவர், இந்தக் கூலியாளின் கருவியை எங்கிருந்து எடுத்தார்? அவர் அதிகைக்குத் திரும்பிய அந்த இரவை நினைத்தால் விடை கிடைக்கும் என்பது எமது எண்ணம்.

பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெண்மையான ஆடை உடுத்து, ஒருவரும் அறியாவண்ணம் இருளில் நடந்து வந்து அவர் தமக்கையின் காலில் வீழ்ந்தார். அம்மையார் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. ஏன் இவ்வளவு பிந்தினாய் என்றும் கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். அதற்குள்ளே திருப்பள்ளியெழுச்சிக்கு உரிய நேரம் ஆகிவிட்டது. பல்லாண்டு காத்திருந்த தம்பி வந்த நாள்தானே, இன்று ஒரு நாள் கோயில் கூட்டாதிருந்தால் என்ன என்று அவர் எண்ணவில்லை. வழக்கம்போலத் திருவலகையும் கோமயத்தையும் தண்ணீர்த் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, நோயாளியாகிய தம்பியாரையும் உடன் அழைத்துக்கொண்டு, விடியுமுன்னே கோயிலுக்கு நடந்தார்.