எஸ்யூவி மைலேஜ் திடீர்னு குறைஞ்சிடுச்சா? மெக்கானிக்கிடம் போகும் முன் இதையெல்லாம் பாருங்க!

"வாங்கின புதுசுல 14 கொடுத்துச்சு. இப்போ 10-ஐத் தாண்ட மாட்டேங்குது." பெரிய கார் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. மாதம் 1,000 கி.மீ ஓடும் டீசல் எஸ்யூவி என்றால், 14-க்கும் 10-க்கும் நடுவே கிட்டத்தட்ட 29 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே, மாதம் 2,600 ரூபாய்க்கு மேல் புகையாகப் போகிறது. பிள்ளையின் டியூஷன் ஃபீஸ் அது!

புலம்பும் முன் முதலில் அளந்து பார்க்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் ஒரு கணிப்புதான். பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பங்கில் ஆட்டோ கட்-ஆஃப் விழும் வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்கி, 400 கி.மீ ஓட்டுங்கள். பிறகு அதே பங்கில், அதே மாதிரி கட்-ஆஃப் வரை நிரப்புங்கள். 418 கி.மீ ஓடி 38 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 11. இதை இரண்டு, மூன்று முறை செய்தால்தான் உண்மை தெரியும். விளம்பரத்தில் வரும் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. உங்கள் வண்டியின் பழைய மைலேஜோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? அப்படியென்றால், காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். டயர் காற்று! டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று சாதாரண லோடுக்கு, இன்னொன்று ஏழு பேரும் லக்கேஜும் ஏறும்போது. காற்றை டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2% குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கேட்கச் சின்னதாக இருந்தாலும், எட்டு பிஎஸ்ஐ குறைவாக ஓடும் வண்டிகள் ஊரில் நிறைய.

சமீபத்தில் டயர் சைஸ் மாற்றினீர்களா? 215/60 ஆர்16-க்குப் பதில் 215/65 போட்டால், சக்கரம் சுமார் 3% பெரிதாகிவிடும். மீட்டர் 400 கி.மீ காட்டும்போது வண்டி உண்மையில் 413 ஓடியிருக்கும். அதாவது, மைலேஜ் குறைவில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை.

அடுத்து பிரேக். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. காலி ரோட்டில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து, ஆறு கி.மீ ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலடித்தால், அங்கே பிரேக் முழுசாக விடவில்லை என்று சந்தேகப்படலாம். காலிப்பர் பின் துருவேறி இறுகினால் இப்படி ஆகும். டீசல் வீணாவது இருக்கட்டும். இதே வண்டியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் இறங்கினால், ஏற்கெனவே சூடான பிரேக் மலைச்சரிவில் பிடிக்காமல் போகலாம். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது சின்ன வேலைதான்.

டெம்பரேச்சர் முள்ளையும் கவனியுங்கள். அரை மணி நேரம் ஹைவேயில் ஓடியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து, கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருள் தெளிக்கும். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்றைய இன்ஜின்களில் அடைத்த ஃபில்டர் பிக்-அப்பைத்தான் அதிகம் குறைக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் எஸ்யூவி என்றால், முக்கிய சந்தேகம் டிபிஎஃப் மேல் விழ வேண்டும். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இது. கரி நிறைந்ததும், கூடுதல் டீசலைத் தெளித்து உள்ளே சூட்டைக் கிளப்பி வண்டியே அதை எரித்துக்கொள்ளும். அதற்கு நல்ல வேகத்தில் தொடர்ச்சியாக ஓட வேண்டும். வீட்டிலிருந்து மூன்று கி.மீ ஸ்கூல், அங்கிருந்து மார்க்கெட், மறுபடி வீடு என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எரிக்கத் தொடங்கும், பாதியில் சாவியைத் திருப்பி விடுவோம், மறுநாள் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல் தண்டம். ஐடிலிங்கில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடுவது, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பது, கருகிய வாசனை எல்லாம் இதன் அடையாளங்கள்.

இதில் பயப்பட வேண்டியது மைலேஜுக்காக அல்ல. முழுசாக எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி, இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங், டர்போ எல்லாம் தேயும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், "பரவாயில்லையே" என்று சந்தோஷப்படாதீர்கள். மேல் கோட்டைத் தாண்டினால் உடனே ஆயில் மாற்ற வேண்டும். மற்றபடி வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் சீராக ஓட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். "டிபிஎஃப்-ஐ கழற்றிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். புகை விதிகளுக்கு விரோதம், வாரண்டியும் காலி.

பெட்ரோல் எஸ்யூவியா? இ20 பெட்ரோலில் கொஞ்சம் மைலேஜ் குறைவது வண்டியின் கோளாறு அல்ல; எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு. இ10-க்குத் தயாரான பழைய கார்களில் 6-7% வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. இ20-க்கென்றே வந்த கார்களில் 1-2%தான். அதற்கு மேல் இறங்கியிருந்தால் ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். "ஸ்கேனர் போட்டு ஃப்யூயல் ட்ரிம் எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க" என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 10 சதவிகிதத்தைத் தாண்டினால் ஏதோ கசிவு அல்லது சென்சார் பிரச்னை. அந்த எண்ணைப் பார்க்காமலே இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு பில் போடுகிறவர்களிடம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.