கோழிக்குடல் வேக வேண்டும்

நாய் வளர்ப்பில் கரிசல் சீமைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இளையரசனேந்தல், கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரக் காடுகளில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிப் பேர் வாங்கியவை. அன்றாடம் அவை குடித்தது கம்மங்கூழும் மோரும்தான். இன்று தட்டில் விழுவது கோழிக்கடைக் கழிவு. குடல், தலை, கால் எல்லாம் பச்சையாக. காசு கேட்பதில்லை, நாயும் ஆசையாகத் தின்கிறது. பெருநகரங்களில் பச்சைக்கறியை உறைய வைத்துப் பொட்டலம் கட்டி, ‘இயற்கை உணவு’ என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்கிறோம்.

காரணம் சால்மோனெல்லா. கோழிக்குடலில் குடியிருக்கும் இந்தக் கிருமி, அறுக்கும்போது கறியெங்கும் ஒட்டிக்கொள்கிறது. டைபாய்டு கிருமியும் இதே குடும்பம்தான். ஆனால் டைபாய்டு மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது, நாய்மீது அந்தப் பழி வேண்டாம். நாய் வழியாக வருவது காய்ச்சல், வயிற்றுவலி, கழிச்சல். திடமானவருக்குச் சில நாளில் தணிந்துவிடும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குட்டிகள் இதில் துவண்டுபோகும். வளர்ந்த நாயோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல், துள்ளி விளையாடிக்கொண்டே வாரக்கணக்கில் மலத்தில் கிருமியை வெளியேற்றும். பின்புறத்தை நக்கிய நாக்கால் பிள்ளையின் முகத்தையும் நக்கும்.

‘தாத்தா காலத்து நாயும் பச்சைக்கறி தின்றதே, என்ன ஆயிற்று?’ என்பார்கள். அப்போது பிடித்த முயலும், காலையிலிருந்து வெயிலில் டப்பாவில் கிடந்த பிராய்லர் குடலும் ஒன்றா? பண்ணைக் கோழிக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. கடைசிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருந்த கோலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க 2019இல் மத்திய அரசே தடை விதிக்க நேர்ந்தது.

உறைய வைத்தாலும் கிருமி சாவதில்லை. நெதர்லாந்தில் உறைந்த பச்சை நாயுணவு 35 பொட்டலங்களைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏழில் சால்மோனெல்லா இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி. உலர் தீவனமும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 2012இல் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் உலர் தீவனத்தால் 49 பேர் நோயுற்றார்கள். அது தொழிற்சாலையின் கோளாறு. பச்சைக் குடலில் கிருமி இருப்பது அதன் இயல்பு.

வழி எளிது. நன்றாகக் கொதிக்க வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுப் போட வேண்டும், ஏனெனில் வெந்த கோழியெலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கழிவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

வீட்டுக்காரரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கடைக்காரர் கழிவை நாய்க்குக் கொடுக்காவிட்டால் ஓடையில் கொட்டுகிறார், தெருநாய்கள் அங்கே போய்த் தின்கின்றன. ஆகவே குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கும் இடத்தை ஊராட்சி காட்ட வேண்டும், கடை உரிமத்தில் அதை நிபந்தனையாக்க வேண்டும். வருவாய்க்குக் கோவில்பட்டி, ஒன்றியத்துக்குக் குருவிகுளம் என இரண்டு மாவட்டங்களுக்கிடையே இழுபட்ட பிர்கா இளையரசனேந்தல். ‘எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் இங்கே பழகிப்போன ஒன்று. இதில் அது செல்லாது.

ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தில் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். வரிசையில் நிற்பவரிடம் ‘நாய்க்கு என்ன போடுகிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி அந்த நாய்களின் மலத்தைச் சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டட்டும்.