பல் டாக்டரிடம் போனால் எச்ஐவி வருமா? பயம் எதற்கு, கவனம் எதில்?

ரெட்டியார்பாளையமோ வாணியம்பாடியோ, பல் பிடுங்கப் போகிறவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: ‘இந்தக் கொறடை நமக்கு முன்னாடி யாருக்குப் போட்டாங்களோ?’

எச்ஐவி ஆபத்து எவ்வளவு?

ரொம்பக் குறைவு. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரே பல் மருத்துவரிடமிருந்து 6 நோயாளிகளுக்கு எச்ஐவி பரவியது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அதுபோன்ற சம்பவங்கள் மிக அரிது.

அப்போ கவலையே வேண்டாமா?

வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு அது எச்ஐவியைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும்.

வாணியம்பாடியில் 2023-ல் பல் சிகிச்சை எடுத்த 8 பேர், மூளையைத் தாக்கும் பாக்டீரியா தொற்றால் உயிரிழந்தனர். திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை ஆய்வு சுட்டிக்காட்டியது.

என்ன கேட்கலாம்?

கருவிகளை உங்கள் கண்ணெதிரே சீல் வைத்த கவரிலிருந்து எடுக்கிறார்களா? ஊசி, கையுறை, சலைன் புதுசா? பல்லைக் குடையும் கருவியையும் ஆட்டோகிளேவில் வைக்கிறார்களா? தயங்காமல் கேளுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்தால் மட்டும் போதாது.

சந்தேகம் வந்தால்?

72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆபத்து இருப்பதாக டாக்டர் முடிவு செய்தால், 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார். மறுநாளே டெஸ்ட் எடுத்து ‘நெகட்டிவ்’ வந்தால் நிம்மதி அடைய முடியாது. வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கே 10 நாளாவது ஆகும். ஆன்டிபாடி பரிசோதனையில் தெரிய 90 நாள் வரை ஆகலாம். நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். உதவிக்கு 1097.

எச்ஐவி உள்ளவரைத் திருப்பி அனுப்பலாமா?

கூடாது. பாகுபாடு காட்டுவதை 2017 சட்டம் தடை செய்கிறது. அதனால் பாதுகாப்பும் கிடைக்காது: தொற்று இருப்பதே தெரியாமல் வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்ப முடியும்? நோயை வெளியே சொன்னால் சிகிச்சை கிடைக்காது என்ற பயம், சொல்ல வேண்டியவரையும் வாய் மூட வைக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே அளவு சுத்தம் இருந்தால், அடுத்து நாற்காலியில் உட்காருபவர் பயப்பட வேண்டியதில்லை.