வாய்ஸ் முடிந்ததும் பேசுகிறேன்

“டென்ஸ் முடிச்சிட்டேன் மாமா. இப்ப வாய்ஸ் ஓடிட்டிருக்கு. அது முடிஞ்சதும் பேச ஆரம்பிச்சிடுவேன்.”

தங்கை மகன் இப்படிச் சொன்னபோது அவனுக்கு வயது 23. கையில் பொறியியல் பட்டம். மேசைமேல் மூன்று நோட்டுகள் கிடந்தன; புரட்டிப் பார்த்தேன். மூன்றிலும் முதல் பக்கத்தில் ஒரே கட்டம்: மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை, ஆக 12 அறைகள். மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். மூன்றாவது நோட்டில் வண்ணப் பேனா வேறு.

வாய்ஸ் பாதியில் இருக்கும்போதே பெங்களூரில் ஒரு நேர்காணல் வந்துவிட்டது. ஓசூர் தாண்டி பஸ் நெரிசலில் நிற்கிறது, கம்பெனியிலிருந்து போன். எங்கே இருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள் என்கிறார்கள். பஸ் லேட், அரை மணி நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘வில் ரீச்’சா, ‘வில் பி ரீச்சிங்’கா, இல்லை ‘ஷல்’ போட வேண்டுமா? 12 அறைக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நின்றவனிடம் இரண்டு முறை ‘ஹலோ’ சொல்லிப் பார்த்துவிட்டு அவர்கள் வைத்துவிட்டார்கள். பிறகு கை நடுங்க ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: ‘சார் பஸ் லேட் ஹாஃப் அவர்’. வினைச்சொல்லே இல்லாத வாக்கியம். உடனே ‘ஓகே’ என்று பதில் வந்தது.

இலக்கணத்தை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஊறிப்போன நம்பிக்கை. ‘பேசிக் கிராமர் வீக்’ என்பது ஏதோ பரம்பரை நோயின் பெயர்போல ஆகிவிட்டது. பெற்றோரே பிள்ளையைப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையை வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள். மருந்தும் எல்லோருக்கும் தெரியும்: முதலிலிருந்து கிராமர். பேச வேண்டியவர்களை ஊமையாக வைத்திருப்பது அந்த மருந்துதான் என்கிறேன் நான்.

உடனே என்னை, ‘கிராமரே வேண்டாம், 30 நாளில் ஆங்கிலம்’ என்று சுவரில் எழுதிவைப்பவர்களோடு சேர்த்துவிட வேண்டாம். மாமல்லபுரத்தில் கற்சிலை விற்கிற பையன் வெள்ளைக்காரர்களோடு சரளமாகப் பேசவில்லையா என்று அவர்கள் கேட்பார்கள். பேசுகிறான். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் தன் தலையில் கைவைக்கும் வரி எது என்று கண்டுபிடிக்க அந்தச் சரளம் போதாது. இலக்கணம் வேண்டும்தான். எப்போது, எதன்மேல் என்பதில்தான் என் சண்டை.

மருமகன் மாட்டிக்கொண்டிருந்த வாய்ஸையே எடுத்துக்கொள்வோம். ‘ராமா கில்டு ராவணா’ என்று கொடுத்து மாற்றச் சொல்வார்கள். ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’. முழு மதிப்பெண். எதற்காக மாற்ற வேண்டும் என்று பிள்ளை கேட்பதில்லை, ஆசிரியர் சொல்வதுமில்லை. எழுவாயைத் தூக்கிக் கடைசியில் போடு, நடுவில் ‘வாஸ்’ செருகு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, ‘பை’யை மறந்துவிடாதே. ‘ஓப்பன் த டோர்’ என்பதை ‘லெட் த டோர் பி ஓப்பன்டு’ என்று மாற்ற எனக்கும் சொல்லித்தந்தார்கள். பள்ளியை விட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒருவர்கூட என்னை அப்படிக் கதவு திறக்கச் சொன்னதில்லை.

ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை பெரும்பாலும் வருவது செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்காக. யார் செய்தது என்று தெரியாது. அல்லது தெரியும், சொல்ல விருப்பமில்லை. அல்லது யாராக இருந்தாலும் ஒன்றுதான். இது நமக்கென்ன புதிதா? ‘தங்களது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எனத் தெரிவிக்கப்படுகிறது’ என்று அரசாங்கக் கடிதம் வருகிறது. நிராகரித்த கை எங்கே? தெரிவிக்கிற வாய் எங்கே? இரண்டையும் ‘படு’ என்ற துணைவினை மறைத்து வைத்திருக்கிறது. பேச்சில் நாம் ‘படு’ பக்கமே போவதில்லை. கடை ‘பூட்டியிருக்கு’ என்போமே தவிர ‘பூட்டப்பட்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கடிதத்தையும் பூட்டிய கடையையும் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சங்கதி பிடிபட்டுவிடும். நாம் கொடுக்கிற பயிற்சியோ, ஒளிய வந்தவரை ‘பை’ போட்டு இழுத்துவந்து வெளிச்சத்தில் நிறுத்துகிறது. பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவன் போலீஸ்காரரிடம் சொல்லச் செயப்பாட்டுவினையைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ஆனால் ‘பை’க்குப் பின்னால் யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் அவன் திருதிருவென்று விழிப்பான்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச் இதற்குத் தம்பி. ‘அலாஸ்!’ என்று ஒருவன் அலறினால், ‘எக்ஸ்க்ளைம்டு வித் சாரோ’ என்று எழுத வேண்டும். எந்த வீட்டு இழவிலும் கேட்டிராத ஆங்கிலம்.

இந்தக் கலைக்கெல்லாம் நம் நாட்டில் வேதப்புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். அதில் பாதியான பி.சி.ரென், இந்தியக் கல்விப் பணியில் பம்பாய் மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். பிரெஞ்சு அந்நியப் படையணியை வைத்து 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றவரும் அவர்தான். அந்த நாவலின் ஒரு வரியையாவது வாய்ஸ் மாற்றிப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரது இலக்கணப் புத்தகத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. சந்தேகம் வரும்போது புரட்ட ஒன்று வேண்டும், என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது. அகராதியை ‘அ’விலிருந்து மனப்பாடம் செய்கிறவனைப் பார்த்தால் என்ன நினைப்போமோ, அதைத்தான் இதை முதல் பக்கத்திலிருந்து பாராயணம் செய்கிறவனைப் பார்த்தும் நினைக்க வேண்டும்.

“அடிப்படையைப் போட்டுவிட்டுப் பேசினால் தப்பு வராதே” என்பது அடுத்த வாதம். எது அடிப்படை? ‘ஹி கம்ஸ்’ என்பதில் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஸ்’ஸை விட அடிப்படை ஒன்று உண்டா? விதி ஒரே வரி. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதியை அலட்சியமாகச் சுமக்கிற நமக்கு இந்த ஒற்றை ‘ஸ்’ ஒரு பாரமா? ஆனாலும் விழுகிறது. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவருக்கும் அவசரத்தில் விழுகிறது. மூன்று அமெரிக்கக் குழந்தைகள் தாய்மொழி பழகியதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து 1973-இல் ரோஜர் பிரவுன் புத்தகம் போட்டார். ‘இங்’ முந்தி வந்தது; இந்த ‘ஸ்’ வெகுவாகப் பிந்தி வந்தது. 1974-இல் டூலே, பர்ட் என்ற இருவர், ஸ்பானிஷும் சீனமும் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதைப் பார்த்தார்கள். அங்கும் ‘ஸ்’ பின்வரிசையில்தான். ‘ஹி’ என்று சொன்னபோதே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, பிறகு வரும் ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. பொருள் தராததை மனசு நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம். பாடத்திட்டம் முதலில் வைப்பதை மனசு கடைசியில் வாங்குகிறது. முதல் பாடம் முழுதாகப் படியும்வரை காத்திருக்கிறவன் எத்தனை நோட்டு வாங்கினாலும் முதல் பாடத்தில்தான் இருப்பான்.

நம் பிள்ளை ‘வந்தான்’ என்று சொல்ல எந்த விதியும் படிக்கவில்லை. ‘வா’ குறுகி ‘வ’ ஆனதும், ‘த்’ ஒன்று ‘ந்’ ஆகத் திரிந்ததும் அவனுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாளில்தான் தெரியவருகிறது. ஆனால் இதை நான் வாதமாக வைக்கப் போவதில்லை. பிறந்த நாள் முதல் காதில் விழும் மொழியும், வாரத்துக்கு ஆறேழு பீரியடு மட்டும் எட்டிப்பார்க்கும் மொழியும் ஒன்றாகிவிடாது.

அந்த ஆறேழு பீரியடுக்குள் என்ன நடக்கும் என்பதை நம் ஊரிலேயே ஒருவர் செய்து பார்த்தார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு. 1950-களிலிருந்து தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் வாக்கிய அமைப்பு வாக்கிய அமைப்பாக, படிக்கட்டுபோல அடுக்கித் தரப்பட்டது. ஒன்றைப் பலமுறை சொல்லவைத்து அடுத்ததற்குப் போவார்கள். பிரபு 1979-இல் தொடங்கி 1984 வரை, பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளி வகுப்புகள் சிலவற்றில் அந்தப் படிக்கட்டையே எடுத்துவிட்டார். ரயில் அட்டவணையைக் கொடுப்பார்கள்: இத்தனை மணிக்குள் இந்த ஊரில் இருக்க வேண்டும், எந்த வண்டியைப் பிடிப்பாய்? வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் பேசிப் போடுவார், பிறகு அதேபோல இன்னொன்றைப் பிள்ளை தனியாகப் போட வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். இலக்கணப் பாடம் கிடையாது. தப்பு வந்தால் போகிற போக்கில் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு ஆசிரியர் வண்டியைப் பிடிக்கப் போய்விடுவார். கவனம் பொருளில் இருக்கும்போதுதான் வடிவம் உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் கட்சி.

பெரெட்டா, டேவிஸ் என்ற வெளியாட்கள் பிள்ளைகளைச் சோதித்து 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். கேட்டு எழுதுவதிலும், சூழலுக்குள் வைத்துக் கேட்ட இலக்கணத்திலும் பெரும்பாலும் பிரபுவின் பிள்ளைகள். கிராமர் பயிற்சி நமக்குக் கற்றுத்தருவது கிராமர் பயிற்சி செய்வதை. பிரபுவின் முறையிலும் ஓட்டைகள் உண்டு, அந்தச் சோதனையின்மேலும் கேள்விகள் எழுந்தன. ஆனால் அவர் 1987-இல் எழுதிய புத்தகம் உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர்களின் வாசிப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. இவ்வளவும் நடந்த மண்ணில் என் மருமகன் மூன்றாவது நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நோட்டை மூடச் சொன்னேன். “தினமும் ராத்திரி அன்னைக்கு நடந்ததை அஞ்சு வரி இங்கிலீஷ்ல எழுதி வாட்ஸப்ல போடு மாப்ள. தப்பு உன் பாடு, திருத்துறது என் பாடு.” நான்காம் நாள் ‘யெஸ்டர்டே நைட் இட் ஹாஸ் ரெயின்டு’ என்று வந்தது. கட்டத்தில் அவன் மூன்று முறை தாண்டிய அறைதான். போனில் கூப்பிட்டேன்.

“டெல்லி போயிருக்கியாடா?”

“போயிருக்கேன் மாமா.”

“எப்ப?”

“போன வருஷம் போனேன்.”

“இப்பத்தானே ‘போயிருக்கேன்’ன, அது எப்படி ‘போனேன்’ ஆச்சு?”

சிறிது நேரம் சத்தமே இல்லை. எப்போது என்ற கேள்வி வந்ததும் தமிழிலேயே அவன் அறை மாறிவிட்டான். ஆங்கிலமும் அதே இடத்தில்தான் ‘ஹாவ் பீன்’னை விட்டு ‘வென்ட்’டுக்குத் தாவுகிறது. பிறகு மழை ஏன் சறுக்கியது? காலையில் ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். பார்க்காததைத் தடயத்தை வைத்துச் சொல்லவும் தமிழில் இதே ‘இருக்கு’தான். ‘யெஸ்டர்டே நைட்’ என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தின் ‘ஹாஸ்’ அந்த உளவு வேலைக்கு வராது. இதை விளக்க எனக்கு ஆறு நிமிடம் ஆனது. அது விதியாகத் தொண்டையில் நிற்காமல் இறங்கியதற்கு ஒரே காரணம், மழை அவன் வீட்டு வாசலில் பெய்திருந்தது.

முதலில் கிராமர் என்ற நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு வெட்கமும் ஒரு காரணம். தமிழில் ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று தெரியாமல் ஆயுள் முழுக்க எழுதிவிட்டுப் போகிறோம், யாருக்கும் முகம் சிவப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒருவன் ‘ஹி டோன்ட்’ என்றால் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிப்பவர்களும் அந்தக் கட்டத்தைப் போட்டுப் போட்டுத் தேய்ந்தவர்கள்தான். தப்பைக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் அதில் அவர்களுக்கு மிஞ்சியது.

போன வாரம் மருமகன் கூப்பிட்டான். வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாராம்.

“மாமா, அவங்க ‘ஐ ஆம் நாட் ஹாவிங் யுவர் ரெஸ்யூம்’னாங்க. அது தப்புதானே?”

“புத்தகப்படி தப்புதான். நீ என்ன சொன்ன?”

“மறுபடி மெயில் பண்றேன்னேன். பண்ணிட்டேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”