கடன் வாங்கிக் கொடுப்பதா பரிசு?



தீபாவளி, பொங்கல், கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, பிள்ளைகளின் பிறந்த நாள், மே 16 ஆசிரியர் தினம் என்று ஆண்டு முழுவதும் நமக்குப் பரிசு கொடுக்கும் நாள் வந்துகொண்டேதான் இருக்கிறது. கொடுப்பது நல்ல குணம். லயத்தில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் பத்து வீடும் போய் நிற்பது நம்முடைய பழக்கம். அந்தப் பழக்கம் போய்விடக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் அந்தப் பரிசு எங்கிருந்து வருகிறது? இதைத்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

மளிகைக் கடையில் தொங்கும் 555 கணக்குப் புத்தகத்தை அறியாத தோட்டக் குடும்பம் உண்டா? அரிசி, பருப்பு, மீன் டின் என்று எழுதியிருக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு வரியில் ‘சாமான் 60 வெள்ளி’ என்று இருக்கும். என்ன சாமான் அம்மா என்று கேட்டால், “அக்கா மக கல்யாணத்துக்கு ஒரு செட் கிளாஸ் வாங்கினேங்க, வெறுங்கையோட எப்படிப் போறது?” என்பார்கள். 60 வெள்ளி என்றால் எவ்வளவு? 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. வாரத்தில் 6 நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் வேலைக்காட்டில் பாடுபட்ட ஒரு முழு நாள் உழைப்பு அந்த அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது என்று பொருள்.

சரி, போன பெட்டி பயன்பட்டதா? அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் ஆறு கண்ணாடிச் செட்டும், நான்கு சுவர்க் கடிகாரமும் வந்து குவியும். அலமாரி மேலே ஏறும். பிரிக்காத பெட்டி அடுத்த கல்யாணத்துக்கு வேறு காகிதம் சுற்றிக்கொண்டு போகும். நெகிரி செம்பிலானில் ரந்தாவிலிருந்து பகாவ் வரைக்கும் இப்படி ஊர் சுற்றும் பெட்டிகள் எத்தனையோ! பெட்டி சுற்றி வருகிறது, கடன் மட்டும் வாங்கினவர் வீட்டிலேயே குந்திக்கொள்கிறது.

வெட்கம் எங்கிருந்து வந்தது?

“கையால ஏதாவது செஞ்சு கொடுங்களேன்” என்று சொன்னால் உடனே பதில் வரும்: “கந்தலைக் கொடுத்தாங்கன்னு பேச மாட்டாங்களா?” இந்தப் பேச்சை நாம் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் தோட்டங்களில் துணி கிடைக்கவில்லை. நம் பாட்டன் பாட்டிமார் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். ரப்பர் ஷீட்டை இடுப்பில் கட்டியவர்களும் உண்டு. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் கதை தனி. அந்தக் காலம் போன பிறகு, கடையிலிருந்து வந்த புதுத்துணி என்பது வெறும் துணியாக இல்லை. அது மானம். அதனால்தான் கடைக் காகிதம் சுற்றிய பொருள்தான் மரியாதை என்ற எண்ணம் நமக்குள் வேரோடிவிட்டது. இதில் நம் தாய்மார்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் கந்தல் வேறு, கைவேலை வேறு. வேறு வழியில்லாமல் உடுத்தியது கந்தல். நல்ல துண்டைப் பொறுக்கி, துவைத்து, அளந்து, நேரம் செலவழித்து, இன்னாருக்கு என்று நினைத்துத் தைப்பது கைவேலை. இந்த வேறுபாட்டை நாம் புரிந்துகொண்டால் பாதி வெட்கம் போய்விடும்.

நம்மைப் போன்ற தொழிலாளிகள் செய்தது

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். முன்பு அது பருத்தித் தோட்டம். அங்கே இருப்பவர்கள் அந்தத் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள். குளிருக்குப் போர்வை வாங்கக் காசில்லாமல், முழங்கால் கிழிந்த வேலைக் கால்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள் அவ்வூர்ப் பெண்கள். மிசோரி பெட்வே என்ற அம்மையார் 1942-ல் தம் கணவர் இறந்தபின், அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொண்டார். 1966-ல் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்துப் போர்வைகளை விற்கத் தொடங்கினார்கள். 2002-ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க்கின் பெரிய கலைக்கூடத்தில் மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்க அரசாங்கம் அவற்றைத் தபால்தலையிலும் அச்சிட்டது. கிழிந்த கால்சட்டைக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா?

அவ்வளவு தூரம் போவானேன்? இன்று நம் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊரில் ‘கந்தா’ என்று ஒன்று உண்டு. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே கொண்டு ஓட்டுத் தையல் போட்டு, பூவும் பறவையுமாக நிரப்புவார்கள். தாய் மகளுக்கும், பாட்டி பேரப்பிள்ளைக்கும் கொடுப்பது அது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் வெட்டுத்துணியைச் சேர்த்துத் தைப்பார்கள், ‘கைன் பெர்ச்சா’ என்பார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு மட்டும் எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1913-ல் தென்னாப்பிரிக்காவில் நம் தமிழ்த் தொழிலாளிகள், கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும், 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். காந்தி சிறைக்குப் போனார். சிறையில் தம் கையால் ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். 1914-ல் அந்நாட்டை விட்டுக் கிளம்பும்போது அந்தச் செருப்பை, தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே பரிசாக அனுப்பினார்! ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலம் போட்டிருந்து, 1939-ல் காந்தியின் 70-ஆம் பிறந்த நாளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அதை அணியும் தகுதி தமக்கில்லை என்று எழுதினார். கடையில் வாங்கிய எந்தப் பொருள் ஒரு எதிராளியை இப்படிப் பேச வைக்கும்?

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

தீபாவளி முடிந்த மறுவாரம் தையல் மிஷினுக்கு அடியில் பாருங்கள். ரவிக்கை வெட்டிய மிச்சம், சேலையின் சரிகைக் கரை, பாவாடைத் துணி, மணி, ஜிகினா, வாசலில் கோலம் போட்ட வண்ண அரிசியில் மீதி. இவ்வளவும் சரக்குதான்.

பிறந்த குழந்தைக்கு: நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திச் சேலைக்கு ஈடு எதுவுமில்லை. நைலெக்ஸ் வேண்டாம், வியர்வையை இழுக்காது. சுடுநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, ஓரத்தை உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டால் விரிப்பு தயார். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வைக்காதீர்கள். பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

புது வீட்டுக்கு: பழைய கைலி, பனியன் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று இழையாகச் சடை பின்னுங்கள். சடையைத் தரையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு இரட்டை நூலால் தைத்தால் அருமையான கால்மிதி. நூலை ரொம்ப இறுக்கக் கூடாது. இறுக்கினால் கால்மிதி கிண்ணம் மாதிரி குழிந்துவிடும்.

ஆசிரியருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும்: சின்னதாகிப்போன கருநீலப் பள்ளிச் சீருடை முரட்டுத் துணி. பென்சில் பை தைக்கலாம். வாயோரத்தில் ஒரு சரிகைக் கரை வைத்தால் அதன் அழகே தனி.

தீபாவளி அங்பாவ் உறைக்கு: பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றனவே, நல்ல கனமான காகிதம். பெயர் அச்சான பக்கம் உள்ளே போகுமாறு மடித்துச் சோற்றுப் பசையால் ஒட்டினால் போதும். வண்ண அரிசியை வாழ்த்து அட்டையில் ஒட்டலாம். முதலில் வெயிலில் காயவைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வண்டு பிடிக்கும்.

ஓய்வு பெறும் தோழருக்கு: இதுதான் நாம் மிகவும் விரும்புவது. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு சாண் துணி, தங்கள் பழைய சட்டையிலிருந்தே கொடுக்கட்டும். சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. முப்பது வருஷம் ஒரே காட்டில் வேலை செய்தவருக்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு? இனிமேலாவது அவர் நேரம் பார்க்காமல் தூங்கட்டுமே!

இவை வீட்டுக்குள் வரக் கூடாது

சிக்கனம் என்ற பெயரில் ஒரு தவறு நடந்துவிடக் கூடாது. புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த டின்னையும் தோம்பையும் கழுவிவிட்டு, பூச்சாடி, தண்ணீர்த் தோம்பு என்று எதற்கும் பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் விஷம் விஷம்தான். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் பால் ஆகிவிடவில்லை. உரமும் மருந்தும் வந்த சாக்கில் பை தைக்க வேண்டாம். மருந்து அடிக்கும்போது போட்ட சட்டையைப் போர்வைக்கு வெட்ட வேண்டாம். ரப்பர்க் கொட்டையில் மாலையும் பொம்மையும் செய்தால், உள்ளிருக்கும் பருப்பைப் பிள்ளைகள் பச்சையாகத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் நச்சு இருக்கிறது.

சிக்கனம் சம்பளத்துக்குப் பதில் ஆகாது

இதைப் படித்துவிட்டு எந்த நிர்வாகமாவது, “பார்த்தீர்களா, உங்கள் சங்கத்துக்காரரே சொல்லிவிட்டார், செலவைக் குறைத்தால் இருக்கிற சம்பளம் போதும்” என்று கிளம்பினால், அந்தப் பேச்சு நம்மிடம் எடுபடாது. தொழிலாளி ஏழையாக இருப்பது கண்ணாடிச் செட் வாங்கியதால் அல்ல. உழைப்புக்கேற்ற கூலி கைக்கு வராததால்தான். ஒட்டுத்துணி தைத்து ஒருவரும் வீடு வாங்க முடியாது. சம்பளக் கோரிக்கை ஒரு பக்கம் நடக்கும், சிக்கனம் இன்னொரு பக்கம் நடக்கும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடமாட்டோம்.

ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்கணக்கில் தலை வரைக்கும் மூழ்கியவன் எந்தப் போராட்டத்திலும் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை. ஒரு நாள் கூலி போனால் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமே அவன் வாயை அடைத்துவிடுகிறது. கடன் குறைந்த வீட்டில்தான் குரல் எழும்பும்.

தோட்டத் துண்டாடல் நடந்த நாளில், 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கின. துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டுமா?

செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் மண்டபத்திலோ பழைய ஆயாக்கொட்டகையிலோ ஒரு பெட்டி வையுங்கள். மிச்சத் துணி, நூல், காகிதம் எல்லாம் அதில் சேரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, தையல் தெரிந்த அக்காமார் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஆண்பிள்ளைகளும் உட்கார வேண்டும். செருப்புத் தைத்தவர் காந்தி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் கையால் செய்ததைத்தான் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தால், வாங்கிக் கொடுக்க வசதியில்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு மட்டம் போடாது.

கடைசியாக ஒன்று. இந்தக் காரியத்தில் கொடுப்பவரைவிட வாங்குபவருக்கே பொறுப்பு அதிகம். கையால் செய்த பொருள் வீடு வந்தால் அதை மடித்துப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். கால்மிதியை வாசலில் போடுங்கள். விரிப்பைத் தொட்டிலில் விரியுங்கள். வருகிறவர்கள் கேட்டால், “இன்ன வீட்டு அக்கா எனக்காகத் தைச்சது” என்று வாய் நிறையச் சொல்லுங்கள். அப்படிப் பத்து வீட்டில் சொன்னால் போதும், பதினோராவது வீட்டுத் தாய் கடைக்குப் போய் 555 புத்தகத்தைத் திறக்கச் சொல்ல மாட்டாள்.